நடந்து வந்த விருந்தாளி: டோகோவின் வாசலில் சில நாட்கள்

உலகப் படத்தை விரித்து மேற்கு ஆபிரிக்காவின் கரையோரத்தைத் தடவிச் செல்லும் விரல், கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே ஒரு கணம் தடுமாறும். அங்கே ஒடுங்கிய ஒரு துண்டு நிலம் கடலிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. அதன் கடற்கரை 60 கிலோமீற்றருக்கும் குறைவு. நீளமோ 500 கிலோமீற்றருக்கும் அதிகம். 2022ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 80 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். டோகோ என்பது அந்நாட்டின் பெயர். லோமே அதன் தலைநகர்.

இச்சிறு நாட்டைப் பற்றிப் புலம்பெயர்ந்த தமிழருக்கு என்ன கவலை என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். வேறு சிலர் இப்பெயரைக் கேட்டதுமே தலை குனிவார்கள். அவர்கள் வீட்டிலிருந்து யாரோ ஒருவர், ஒரு தம்பியோ ஒரு மருமகனோ, லோமே நகரின் ஏதோ ஒரு அறையில் வராத கப்பலுக்காகக் காத்திருந்தவர்களாக இருப்பர். நாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். அண்மையில் நாம் அங்கு போனதும் ஊர் பார்க்கும் ஆசையினால் மட்டும் அன்று. ஒரு கடனைக் கொடுத்து முடிக்கவே போனோம்.

2011ஆம் ஆண்டு. பிரான்சில் அகதி அந்தஸ்துக் கிடைத்து நமக்கு ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒருநாள் இரவு, முன்பு பல்கலைக்கழகத்தில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வன்னியிலிருந்து உயிரோடு மீண்டவர். தாயார் காணியை ஈடு வைத்துத் திரட்டிய பணத்தை முகவரிடம் கொடுத்துவிட்டு, கனடாவுக்குக் கப்பல் ஏற லோமே வந்திருந்தார். மூன்று மாதங்களாகக் கப்பல் இல்லை. "சேர், உங்களுக்கு உலக நடப்புத் தெரியும். கப்பல் வருமா?" என்று கேட்டார்.

வராது என்று நமக்குத் தெரியும். ஆயினும், "வரும், பொறுத்திரு" என்றோம்.

விசா என்னும் கதவு

பயணத்தின் முதற்படி விசா. ஒரு காலத்தில் டோகோவின் எல்லைச் சாவடியிலும் லோமே விமான நிலையத்திலும் ஏழு நாள் விசாவை நேரடியாகவே பெற முடிந்தது. இப்போது புறப்படுமுன் இணையவழி விண்ணப்பிக்கும் முறை வந்துவிட்டது. விசாவுக்கு அப்பால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும். முன்னர் பத்தாண்டுகளுக்கு மட்டும் செல்லுபடியான அம்மஞ்சள் அட்டை, 2016 ஜூலை முதல் ஆயுட்காலம் முழுவதற்கும் செல்லும். ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பின்னரே அது செல்லுபடியாகத் தொடங்கும் என்பதை விமானச் சீட்டு வாங்குவோர் மறந்துவிடலாகாது.

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உடையவருக்கு இவை ஒரு மாலைப்பொழுதின் வேலை. நம்மிடம் இருப்பதோ 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் அகதிப் பயணப்பத்திரம். அட்டையின் மூலையில் குறுக்காக இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும் அச்சிறு நூலை நம்மவர் பலர் அறிவர். உள்ளே, எந்த நாட்டை விட்டு வந்தோமோ அந்நாட்டைத் தவிர ஏனைய நாடுகளுக்குச் செல்லலாம் என்று எழுதியிருக்கும். செல்லலாம் என்பது வேறு, உள்ளே விடுவார்கள் என்பது வேறு. விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டத்துக்கு வந்ததும் நமது பேனா நின்றுவிட்டது. நாம் நேரில் விசாரிக்கச் சென்ற ஓர் அலுவலகத்தில் இருந்த இளம்பெண், பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?" என்று வினவினார். கேள்வியில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. ஐந்து முறை அலைந்த பின் விசா கிடைத்தது.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, பயணப்பத்திரத்தில் விசா கிடைக்கும் என்ற உறுதி எந்நாட்டிலும் இல்லை. சீட்டு வாங்குமுன் போகும் நாட்டின் தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நன்று. இரண்டாவது, பத்திரத்தின் காலம் முடியுமுன் திரும்பிவிட வேண்டும். வெளிநாட்டில் வைத்து அது காலாவதியானால் மீண்டும் உள்நுழைவது பெருந்தொல்லை. மூன்றாவது, இத்தொல்லைகளுக்கு அஞ்சி, தஞ்சம் பெற்றவர் தமது பழைய நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துப் பயணம் செய்வது, தாம் தப்பியோடிய அரசின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கொள்ளப்படலாம். அந்தஸ்தையே இழக்க நேரிடலாம். வசதிக்காகச் செய்த ஒரு காரியம் வாழ்க்கையை விழுங்கிவிடும்.

ஒரு கோட்டின் கதை

லோமே தன் நாட்டின் எல்லையிலேயே அமைந்த தலைநகர். நகரின் மேற்கு விளிம்பில் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் கானாவின் அஃப்லாவோ என்னும் ஊர். இப்புறமும் அப்புறமும் வாழ்பவர்கள் எவே என்னும் ஒரே மொழி பேசும் ஒரே மக்கள். அக்காள் இங்கே, தங்கை அங்கே. காலையில் தலையில் கூடையுடன் எல்லை கடந்து மாலையில் திரும்பும் பெண்களை நாம் நெடுநேரம் பார்த்து நின்றோம்.

இக்கோட்டை வரைந்தவர்கள் அவர்கள் அல்லர். 1884ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், யேர்மனியத் தூதர் குஸ்தாவ் நாக்டிகால் ஏரிக்கரைச் சிற்றூராகிய டோகோவில்லின் ஆட்சியாளர் தரப்புடன் ஓர் உடன்படிக்கை செய்தார். அவ்வூரின் பெயரே பின்னர் நாட்டின் பெயராயிற்று. நீரின் கரை என்பது அச்சொல்லின் பொருள். 1914 ஓகஸ்ட் மாதத்தில், முதலாம் உலகப்போர் மூண்ட சில வாரங்களுக்குள், பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் இருபுறமிருந்தும் புகுந்து யேர்மனியரைப் பணிய வைத்தனர். பின்னர் அவ்விரு அரசுகளும் நிலத்தைப் பாளம் பாளமாகப் பங்கிட்டன. மேற்குத் துண்டு பிரித்தானியருக்கு, கிழக்குத் துண்டு பிரான்சுக்கு. 1956 மே மாதம் மேற்குத் துண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் தங்கக்கரையுடன் இணைய வாக்களித்தனர். மறு ஆண்டு தங்கக்கரை கானாவாகி விடுதலை பெற்றது. தெற்கே எவே மக்கள் வாழ்ந்த பகுதிகளில் இணைப்பை எதிர்த்தோர் பலர். அவர்களது விருப்பம் மொத்தக் கணக்கில் கரைந்து போயிற்று. கிழக்குத் துண்டு 1960 ஏப்ரல் 27ஆம் நாள் டோகோவாக விடுதலை அடைந்தது.

எண்ணிக்கையிற் சிறியோரின் விருப்பம் பெரும் கணக்கொன்றில் கரைந்து போவது எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இக்கோட்டை மெல்ல அழிக்கும் முயற்சி ஒன்றும் உண்டு. 1975ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்க நாடுகள் கூடிப் பொருளாதாரச் சமூகம் ஒன்றை அமைத்தன. 1979ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி அதன் உறுப்பு நாட்டவர் ஒருவர் மற்றோர் உறுப்பு நாட்டில் தொண்ணூறு நாட்கள் விசா இன்றித் தங்கலாம். 2025 ஜனவரியில் மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்றும் விலகியபின் பன்னிரண்டு நாடுகள் எஞ்சியுள்ளன. சட்டப்படி கதவு திறந்தே இருக்கிறது. நடைமுறையில் சாவடிக்குச் சாவடி கை நீளுகிறது. நம்முடன் வந்த மோட்டார் சைக்கிள் ஓட்டி, "கோடு அங்கேதான் இருக்கிறது ஐயா, அதைக் கடக்கும் விலைதான் மாறுகிறது" என்றார். அங்கு வாடகைக்கு ஓடும் அம்மோட்டார் சைக்கிளுக்கு செமிஜான் என்று பெயர். என்னைச் சீக்கிரம் கொண்டுபோ என்பது பொருளாம்.

இந்நகரின் பெயரில் இன்னொரு முரணும் உண்டு. 1975 பெப்ரவரி 28ஆம் நாள், அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஆபிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46 உடன் வணிக ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது லோமேயில்தான். கால் நூற்றாண்டு காலம் லோமே ஒப்பந்தம் என்றே உலகம் அதை வழங்கியது. அந்நாடுகளின் விளைபொருட்கள் பெரும்பாலானவை தீர்வையின்றி ஐரோப்பாவுக்குள் நுழைய அது வழி செய்தது. கொக்கோ போகலாம், கோப்பி போகலாம். அவற்றை விளைவித்த மனிதன் போகத்தான் வழியில்லை.

துணியும் பனையும்

பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து சற்றுத் தூரம் நடந்தால் ஆபிரிக்கர் கடைகள் நிறைந்த சத்தோ ரூஜ் வரும். அங்கே தொங்கும் வண்ண வண்ண மெழுகு அச்சுத் துணிகளை நாம் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். அவற்றின் பெருஞ்சந்தை லோமே. யாவாவின் பத்திக் துணியைப் பார்த்து ஒல்லாந்தர் எந்திரத்தில் அச்சிட்ட சரக்கு இது. மேற்கு ஆபிரிக்கப் பெண்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர் வைத்தனர். கூட்டைவிட்டுப் பறக்கும் பறவையை வரைந்த துணி ஒன்றுக்கு, நீ வெளியே போனால் நானும் போவேன் என்று பெயர். கணவனுக்குச் சொல்ல வேண்டியதை மனைவி இடுப்பில் உடுத்திக்கொண்டு நடக்கிறாள். இவ்வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த பெண்களை, அவர்கள் ஓட்டிய பென்ஸ் கார்களின் பெயரால் நானா பென்ஸ் என்றழைத்தனர். 1994 ஜனவரியில் சீ.எவ்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது அவ்வணிகத்தை உலுக்கியது. பின்னர் சீனத்துப் பிரதிகள் வந்து குவிந்தன. 2013 ஜனவரியில் பெரிய சந்தைக் கட்டடமும் தீக்கிரையாயிற்று. ஆயினும் தெருவோரங்களில் வணிகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மேற்கு ஆபிரிக்காவின் துணிக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி, பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. கினே என்பது அங்கு அதன் பெயர். கருவேலம் பிசினுக்கு மாற்றாக அளந்து கொடுக்கப்பட்ட அத்துணி, நாளடைவில் அங்கே பணமாகவே புழங்கியது. தமிழ் நெசவாளன் போகாத கரைக்கு அவன் நெய்த துணி போயிருக்கிறது. மனிதருக்கு மூடிய கதவு பொருளுக்குத் திறந்திருப்பது புதிய வழக்கமன்று போலும்.

வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் நம்மை வாகனத்தை நிறுத்தச் செய்தது ஒரு மரம். பனை! யாழ்ப்பாணத்துப் பனையின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஆபிரிக்கப் பனை. அடிமரம் நேராக உயர்ந்து நடுவே சற்றுப் பருத்து மீண்டும் ஒடுங்குகிறது. ஓலை அதே விசிறி. காற்றில் எழும் சரசரப்பு அதே ஒலி. மேற்கு ஆபிரிக்காவில் பல இடங்களில் பனங்கொட்டையைப் புதைத்து, முளைத்த கிழங்கை அவித்துத் தின்கிறார்கள் என்று அறிந்தபோது நமக்குப் புல்லரித்தது. கற்பகதருவின் பயனைக் கண்டறிய இருவேறு மக்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெற்கே எண்ணெய்ப் பனையிலிருந்து கள் இறக்குகிறார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் சொடாபி என்னும் சாராயம். மரவள்ளியைத் துருவிப் புளிக்க வைத்து வறுத்துக் காரி என்னும் மாவாக்குகிறார்கள். அவித்த வள்ளிக்கிழங்கைப் பெரிய உரலிலிட்டு, இருவர் மூவர் மாறி மாறி இடித்துப் பிசைந்தால் ஃபூஃபூ. அந்த உலக்கைச் சத்தம் கேட்ட இடமெல்லாம் நாம் சிறுவயதில் அரிசி இடித்த முற்றத்துக்குத் திரும்பினோம்.

எவே மக்களிடம் இன்னோர் அழகிய வழக்கம் உண்டு. பிறந்த கிழமையே குழந்தையின் முதற்பெயர். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபி. ஞாயிறில் பிறந்தவன் கொஸி, திங்களில் பிறந்தவன் கொஜோ. மதபோதகர் இட்ட பெயரும் அரசாங்கப் பதிவுப் பெயரும் மேலே வந்து அமர்ந்தாலும் கிழமைப் பெயர் அழிவதில்லை. பிரான்சில் நமது பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வெட்டித் தகப்பனார் பெயரால் நம்மை அழைக்கும் அலுவலகங்களை எண்ணிப் பொறாமை கொண்டோம்.

கோயிற்சுவரில் ஒரு படம்

நம்மை இந்தியர் என்று எண்ணிய ஒருவர், எங்கள் தெய்வத்தைப் பார்க்க வாருங்கள் என்று ஒரு வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் சென்றார். வொடூன் என்னும் தொன்மையான வழிபாட்டு மரபு இக்கரையோரம் முழுவதிலும் உயிரோடு இருக்கிறது. உள்ளே சுவரில் மாமி வாட்டா என்னும் நீர்த்தேவதை, கழுத்தில் பாம்புடன். அவளுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நம்முடைய இலட்சுமி! பிள்ளையார்!

இதன் வரலாறு சுவையானது. 1880களில் யேர்மனியின் ஹம்பேர்க் நகரில் பாம்பாட்டிப் பெண்ணொருத்தியின் வண்ணப்படம் அச்சானது. அது மேற்கு ஆபிரிக்கக் கரையை அடைந்து அங்குள்ளோரின் நீர்த்தேவதைக்கு முகமாயிற்று. 1955ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்க வணிகர் கேட்டுக்கொண்டபடி, பம்பாயில் ஒரு நாட்காட்டி அச்சகம் அப்படத்தை 12,000 பிரதிகள் அச்சிட்டு அனுப்பியது. இந்திய வணிகர் வழியாக நமது தெய்வப் படங்களும் அக்கரைக்குச் சென்றன. கடல் கடந்து வரும் அழகும் செல்வமும் அத்தேவதையின் கூறுகள் என்பதால், கடல் கடந்து வந்த இலட்சுமியும் அங்கே இடம்பெற்றுவிட்டாள். ஹென்றி ட்றூவல் முதலிய ஆய்வாளர் இதை விரிவாக எழுதியுள்ளனர். நம் படங்களுக்கு அவர்கள் விசா கேட்கவில்லை. இடம் ஒதுக்கி விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள்.

அவர்களும் அகதிகள்

டோகோவினரை ஐரோப்பாவின் அகதி முகாம்களில் சந்தித்த நம்மவர் உண்டு. தொண்ணூறுகளில் யேர்மனியின் தஞ்ச விடுதிகளில் தமிழர் இருந்த மாடியிலேயே அவர்களும் இருந்தனர். அனுமதியின்றி மாவட்ட எல்லை தாண்டக்கூடாது என்ற விதி இருவரையும் ஒன்றாகவே கட்டிவைத்தது.

அவர்கள் ஏன் ஓடினர்? முதற் சனாதிபதி சில்வானுஸ் ஒலிம்பியோ 1963 ஜனவரி 13ஆம் நாள் இராணுவத்தினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். நான்கு ஆண்டுகளின் பின் அதே தேதியில் ஆட்சியைக் கைப்பற்றிய ஞாசிங்பே எயடேமா, 2005 பெப்ரவரியில் இறக்கும்வரை ஆட்சியிலிருந்தார். 1993 ஜனவரியில் லோமேயில் ஆர்ப்பாட்டக்காரர்மீது சூடு நடந்தது. அதனைத் தொடர்ந்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கானாவுக்கும் பெனினுக்கும் ஓடினர். 2005இல் மகன் ஃபோர் ஞாசிங்பே பதவிக்கு வந்த தேர்தலையொட்டிய வன்முறையில் 400 முதல் 500 பேர் வரை மாண்டதாக ஐக்கிய நாடுகள் சபையின் விசாரணைக்குழு கூறியது. ஏறத்தாழ 40,000 பேர் மீண்டும் எல்லை கடந்தனர். 2024இல் அரசியலமைப்பு மாற்றப்பட்டது. 2025 மே மாதத்தில் அதே மகன் அமைச்சரவைத் தலைவர் என்னும் புதிய உயர்பதவியை ஏற்றார்.

அவ்வாறு ஓடியவர்களுக்கு வேலிக்கு அப்பால் தம் மொழி பேசும் உறவினர் இருந்தனர். வரைந்த கோட்டின் கொடுமை ஒருபுறம். அக்கோட்டுக்கு அப்பாலும் அக்காள் வீடு இருந்த ஆறுதல் மறுபுறம். 1969ஆம் ஆண்டின் ஆபிரிக்க அகதிகள் உடன்படிக்கை, தனிப்பட்ட துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடுவோரை மட்டுமன்றி, பொது ஒழுங்கைக் குலைக்கும் நிகழ்வுகளால் ஓடுவோரையும் அகதியாக ஏற்கிறது. ஷெல் விழுந்த நாளையும் விழுந்த தூரத்தையும் ஐரோப்பிய அதிகாரிமுன் ஒப்புவித்து நின்ற நம்மவர்க்கு இவ்வரியின் பெறுமதி விளங்கும்.

பதினையாயிரம் பிராங்

இனி நம் கடனுக்கு வருவோம். 2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி என்னும் கப்பல் 76 தமிழரையும், 2010 ஓகஸ்டில் சன் சீ என்னும் கப்பல் 492 தமிழரையும் கனடாவின் மேற்குக் கரையில் சேர்த்தன. இச்செய்தியே முகவர்களுக்கு முதலாயிற்று. அடுத்த கப்பல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து புறப்படும் என்றனர். எளிதில் நுழையக்கூடிய நாடாகத் தெரிந்தெடுத்தனர். 2011இல் இருநூறுக்கு மேற்பட்ட இலங்கையர் டோகோவில் அகப்பட்டு, புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் ஏற்பாட்டில் கனடாவின் நிதியுதவியுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். நமது மாணவரும் அவர்களுள் ஒருவர். அத்திரும்புதலுக்குத் தன்விருப்பம் என்று பெயர். கையில் பணமும் இல்லை, செல்லுபடியாகும் விசாவும் இல்லை, கப்பலும் இல்லை என்ற நிலையில் எஞ்சியிருப்பது எதுவோ அதுவே விருப்பம்.

நாம் லோமே செல்கிறோம் என்று கேள்வியுற்றதும் அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இப்போது அவர் ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறார். தாயாரின் காணி இன்னும் மீளவில்லை. "சேர், நாங்கள் இருந்த வீட்டுக்கு முன்னால் ஒரு அம்மா சோறு விற்றவ. கடைசி ஐந்து கிழமை கடனுக்குத்தான் தந்தவ. பதினையாயிரம் பிராங். சொல்லாமல் வந்துவிட்டேன்" என்றார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 23 யூரோ. பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவர் நெஞ்சில் கிடந்த தொகை.

அவர் சொன்ன அடையாளங்களைக் கொண்டு இரண்டு நாட்கள் தேடினோம். துறைமுகத்துக்குப் போகும் வழியில், மணல் நிறைந்த ஒழுங்கையொன்றில், நீல வாயிற்கதவு. எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழ் அடுப்பு. ஆனால் சோறு விற்றவர் ஓர் இளம்பெண். அந்த அம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இவர் அவருடைய தமக்கை மகள்.

"அந்த இந்தியப் பையன்களா?" என்றார். "எனக்கு அப்போது பத்து வயது. ஒவ்வொரு நாளும் சின்னம்மாவிடம் கப்பல் எப்போது வரும் என்று கேட்பார்கள். சின்னம்மா சொல்லுவார், இந்தத் துறைமுகத்துக்குப் பழைய கார் வரும், துணி வரும், அரிசி வரும், ஆட்களை ஏற்றிப்போகக் கப்பல் வந்ததை நான் கண்டதில்லை, வீட்டுக்குப் போங்கள் பிள்ளைகளே என்று. அவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பேராசிரியர் பிரான்சில் இருக்கிறார், அவர் வரும் என்று சொல்லியிருக்கிறார் என்பார்கள்."

வேப்பமரத்தைப் பற்றிக்கொண்டோம். படிப்பறிவில்லாத ஒரு பெண் நாள்தோறும் உண்மை சொல்லியிருக்கிறார். உலக நடப்புத் தெரிந்த நாம் ஒருமுறை சொன்ன பொய் அதை வென்றிருக்கிறது. நமது சொல்லை நம்பி அவர் எத்தனை கிழமை கூடுதலாக அங்கே கிடந்தாரோ, எத்தனை வட்டி ஏறியதோ, நாம் கேட்கத் துணியவில்லை. இக்கட்டுரையை நாம் எழுதுவதும் அதனாற்றான். இன்றும் ஏதோ ஒரு சிறு நாட்டின் விசாவைக் காட்டி, அங்கிருந்து மேலே ஏற்றிவிடுகிறோம் என்று சொல்வோர் உண்டு. விசா போலியாக இருக்கவேண்டியதில்லை. அது உண்மையானதாகவே இருக்கும். அதற்கப்பால் வழி இருப்பதாகச் சொல்வதுதான் பொய். ஊரிலிருந்து தொலைபேசியில் உங்கள் உறவினர் கேட்கும்போது, அவர் மனம் நோகும் என்று அஞ்சி, வரும், பொறுத்திரு என்று சொல்லிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். நாம் சொல்லவில்லை.

பணத்தை நீட்டினோம். அப்பெண் எண்ணிப் பார்த்தார். ஆயிரம் பிராங்கை எடுத்து நம்மிடமே திருப்பித் தந்தார். "சின்னம்மாவின் கணக்கில் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்குவார்" என்றார். பின்பு ஒரு வாங்கைத் துடைத்து நம்மை உட்காரச் சொல்லி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். அங்கே விருந்தாளிக்கு முதலில் தண்ணீர். வந்த காரியத்தைக் கேட்பது அதன் பின்னரே. நாம் காரியத்தை முந்திச் சொல்லிவிட்டதால் முறை தலைகீழாகிவிட்டது என்று சிரித்தார்.

தண்ணீரை நீட்டும்போது, "வொஎசோ" என்றார். எவே மொழியில் நல்வரவு. அதன் நேர்ப்பொருளைக் கேட்டோம். "நீ நடந்து வந்தாய் என்பது" என்றார்.

எங்கிருந்து வந்தாய், எந்த நாட்டுப் பத்திரத்தில் வந்தாய், எத்தனை நாள் தங்குவாய் என்ற கேள்விகள் அச்சொல்லில் இல்லை. நாம் தண்ணீரைக் குடித்தோம். பின்னர் அவர் வைத்த சோற்றை, மாணவரின் பெயரால், முழுவதும் உண்டோம்.